கிட் ரெப்போவில் பெரிய ஃபைல்: புஷ் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிட் ரெப்போவை (கோடும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த ஃபோல்டர்) கிட்ஹப் சர்வருக்கு ஏற்ற புஷ் கொடுத்தாயிற்று, நூறு சதவீதம் வரை ஏறியாயிற்று, கடைசி நேரத்தில் "ஜிஎச்001: லார்ஜ் ஃபைல்ஸ் டிடெக்டட்" என்று ஒரு எரர் வந்து மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டது. கிட்ஹப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் இந்த வரியைப் பார்க்காமல் தப்புவதில்லை. பார்த்ததும் கை தானாகச் செய்வது என்னவென்றால், அந்த ஃபைலை டெலீட் செய்து, "பெரிய ஃபைல் நீக்கப்பட்டது" என்று இன்னொரு கமிட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) போட்டு, மறுபடி புஷ் கொடுப்பது. மறுபடியும் அதே எரர்தான் வரும். ஃபைல்தான் இல்லையே, பிறகு எதைப் பார்த்துக் கத்துகிறது என்று குழப்பமாக இருக்கும்.

ஃபைல் இருக்கிறது, முந்தைய கமிட்டில். கிட்டுக்கு மறதி கிடையாது. ஒரு கமிட்டில் ஏறிய ஃபைல் அடுத்த கமிட்டில் போய்விட்டாலும், பழைய நிலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்ப வேண்டும் என்பதற்காக அதன் உள்ளடக்கம் டாட்-கிட் ஃபோல்டருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். புஷ் செய்யும்போது கடைசி நிலை மட்டும் போவதில்லை, இடையில் உள்ள எல்லா கமிட்டும் சேர்ந்துதான் போகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே வருகிற எல்லாமே எளிது.

தொடங்கும் முன் ஒன்று. கமாண்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் அடியுங்கள். கோடு, புள்ளி, நட்சத்திரம், மேற்கோள் குறி எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

பெரிய ஃபைலோடு கிட்டுக்கு என்ன தகராறு

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை எழுதியது லினக்ஸ் கெர்னலின் சோர்ஸ் கோடைப் பராமரிக்க. அதாவது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள். டெக்ஸ்டில் பத்து வரி மாறினால், சேமிக்கும்போது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கி வைக்க கிட்டால் முடியும். ஒரு எம்பி4 வீடியோவில் அது நடக்காது. அது ஏற்கெனவே அமுக்கப்பட்ட ஃபைல், அதில் இரண்டு நொடி வெட்டி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் கிட்டின் கண்ணுக்கு அது முழுக்க வேறு ஃபைல். 80 எம்பி வீடியோவை 20 முறை மாற்றி கமிட் செய்தால் கிட்டத்தட்ட 1.6 ஜிபி. உங்கள் ஃபோல்டரில் தெரிவது 80 எம்பிதான், ஆனால் புதிதாகக் குளோன் செய்கிற (ரெப்போவின் பிரதியை இறக்குகிற) ஒவ்வொருவரும் அந்த 1.6 ஜிபியை இறக்கியாக வேண்டும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறவரும் சேர்த்து.

உங்கள் ரெப்போ இப்போது எவ்வளவு கனம் என்று பார்க்க:

கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் -விஎச்

(கடைசி எச் மட்டும் பெரிய எழுத்து.) அதில் "சைஸ்-பேக்" என்ற வரியைப் பாருங்கள், சுருக்கிக் கட்டிவைத்த வரலாற்றின் எடை அதுதான்.

கிட்ஹப்பின் கணக்கு இது: 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கை, 100 எம்பியைத் தாண்டினால் நேராக மறுப்பு, பிரவுசர் வழியாக அப்லோட் செய்தால் 25 எம்பிதான். இது ஒரு ஃபைலுக்கான வரம்பு. 90 எம்பி ஃபைல் பத்து வைத்தால் எச்சரிக்கையோடு ஏறிவிடும், ஆனால் ஏறிவிட்டது என்பதற்காக அது நல்ல யோசனை ஆகிவிடாது.

முதலில் ஒரு கேள்வி: இந்த ஃபைல் ரெப்போவில் இருக்க வேண்டுமா?

"கிட் எல்எஃப்எஸ் போடு" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள் (எல்எஃப்எஸ் என்பது பெரிய ஃபைல்களைத் தனியாக வைக்கிற கிட் நீட்சி). நானும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் உடனே இல்லை. பெரிய ஃபைல் என்று மாட்டிக்கொள்பவற்றில் நிறைய, ரெப்போவுக்குள் வந்திருக்கவே கூடாதவை.

நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர், பில்ட் ஃபோல்டர், ஏபிகே, பைத்தானின் விர்ச்சுவல் என்விரான்மென்ட் எல்லாம் ஒரு கமாண்டில் திரும்ப உருவாகிவிடும். இவற்றின் இடம் .கிட்இக்னோர், அதாவது கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல். ஏற்கெனவே கமிட் ஆகிவிட்ட ஒன்றை .கிட்இக்னோரில் எழுதுவதால் மட்டும் அது வெளியே போகாது, "கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட் பில்ட்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். கேஷ்ட் என்ற பகுதியை மறந்தால் உங்கள் டிஸ்க்கிலிருந்தும் அழித்துவிடும், கவனம்.

மக்கள் டவுன்லோட் செய்துகொள்ள வேண்டிய இன்ஸ்டாலர், ஜிப் போன்றவற்றுக்கு கிட்ஹப்பிலேயே ரிலீசஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு ஃபைல் 2 ஜிபிக்குக் கீழ் இருந்தால் போதும், வரலாற்றிலும் ஏறாது. இணையத்தில் வேறெங்கோ நிலையாகக் கிடைக்கிற டேட்டாசெட் என்றால், அதை இறக்கி, செக்சம் சரிபார்க்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்டை மட்டும் ரெப்போவில் வையுங்கள். டேட்டாபேஸ் டம்ப்பை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள், அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்குள் யாருடைய ஃபோன் நம்பர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான சிக்கல். ஒரு சின்ன கேம் ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம்: கோட் 3 எம்பி, ஆர்ட் ஃபோல்டரில் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல்கள், சவுண்ட் ஃபோல்டரில் வேவ் ஃபைல்கள், 120 எம்பியில் ஒரு இன்ட்ரோ வீடியோ. இவை கையால் செய்தவை, திரும்ப உருவாக்க முடியாதவை, கோடின் எந்தப் பதிப்போடு எந்தப் படம் இருந்தது என்று தெரிந்தாக வேண்டியவை. எல்எஃப்எஸ் இவற்றுக்குத்தான்.

எல்எஃப்எஸ் என்ன செய்கிறது

கிட்ஹப் 2015-இல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் நீட்சி இது. கிட்லேப், பிட்பக்கெட்டிலும் வேலை செய்யும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற மாதிரிதான்: பெரிய ஃபைல் தனியாக ஒரு சர்வருக்குப் போய்விடும், கிட்டின் வரலாற்றுக்குள் போவது பாயின்டர் என்கிற ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல். அதில் மூன்றே வரி. முதல் வரி எல்எஃப்எஸ்ஸின் பதிப்பு முகவரி, இரண்டாவது ஃபைலின் எஸ்எச்ஏ-256 அடையாளம், மூன்றாவது அசல் ஃபைலின் அளவு பைட் கணக்கில். மொத்தம் 130 பைட் சொச்சம். நீங்கள் ஒரு பிராஞ்சுக்கு (கோடின் இன்னொரு கிளைக்கு) மாறும்போது அந்தப் பாயின்டரைப் படித்து, அதற்குரிய அசலை மட்டும் இறக்கி உங்கள் ஃபோல்டரில் வைக்கும். 20 பதிப்புகள் இருந்தாலும் குளோன் செய்கிறவருக்கு இப்போது வேண்டிய ஒன்றுதான் இறங்கும். சேமிப்பது இங்கேதான், சர்வரில் 20 பதிப்பும் முழுசாகத்தான் இருக்கும்.

அமைப்பது

விண்டோஸில் கிட்டை அதன் வழக்கமான இன்ஸ்டாலர் வழியாகப் போட்டிருந்தால் எல்எஃப்எஸ் கூடவே வந்திருக்கும். உபுண்டுவில் "சூடோ ஏப்ட் இன்ஸ்டால் கிட்-எல்எஃப்எஸ்", மேக்கில் "ப்ரூ இன்ஸ்டால் கிட்-எல்எஃப்எஸ்". அப்புறம் எந்த மெஷினாக இருந்தாலும் ஒரே ஒரு முறை:

கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்

பெயர் இன்ஸ்டால் என்று இருந்தாலும் இது எதையும் இறக்குவதில்லை, உங்கள் கிட் செட்டிங்கில் எல்எஃப்எஸ்ஸை இணைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அடுத்து ரெப்போவுக்குள் போய்:

கிட் எல்எஃப்எஸ் ட்ராக் "*.பிஎஸ்டி"
கிட் எல்எஃப்எஸ் ட்ராக் "*.எம்பி4"
கிட் எல்எஃப்எஸ் ட்ராக் "சவுண்ட்/**"

அந்த மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஷெல் முந்திக்கொண்டு, நட்சத்திரத்தை இப்போது அந்த ஃபோல்டரில் இருக்கிற ஃபைல் பெயர்களாக விரித்துவிடும், நாளை சேர்க்கிற பிஎஸ்டி வழக்கம்போல் கிட்டுக்குள்ளேயே போய் விழும். இன்னொன்று, பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம். சில கேமராக்களும் பழைய சாஃப்ட்வேர்களும் எக்ஸ்டென்ஷனைப் பெரிய எழுத்தில் போடும், சிறிய எழுத்தில் எழுதிய விதி லினக்ஸில் அதைக் கண்டுகொள்ளாது. அப்படி வருகிற ஃபைல்கள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக ட்ராக் கொடுத்துவிடுங்கள்.

ட்ராக் கொடுத்ததும் .கிட்அட்ரிபியூட்ஸ் என்று ஒரு ஃபைல் உருவாகியிருக்கும், விதிகள் எழுதப்பட்டிருப்பது அதில்தான். அதை மறக்காமல், முதலில் கமிட் செய்யுங்கள்:

கிட் ஆட் .கிட்அட்ரிபியூட்ஸ்
கிட் கமிட் -எம் "எல்எஃப்எஸ் விதிகள்"

பிறகுதான் பெரிய ஃபைல்களை ஆட் செய்வது. வரிசை முக்கியம். விதி வருவதற்கு முன் ஆட் ஆன ஃபைல் சாதாரண கிட் ஃபைலாகத்தான் இருக்கும், பின்னால் ட்ராக் கொடுப்பது பழைய கமிட்டைத் திருத்தாது.

புஷ் செய்யும் முன் "கிட் எல்எஃப்எஸ் எல்எஸ்-ஃபைல்ஸ்" கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் உங்கள் வீடியோ இருந்தால் சரி. இல்லையென்றால் விதி பிடிக்கவில்லை என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். பெயருக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அசல் உங்களிடம் இருக்கிறது, வெறும் கோடு இருந்தால் பாயின்டர் மட்டும்தான் இருக்கிறது.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல்: கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால் பெயர் வர வேண்டிய இடத்தில் \340\256 என்று எண்களாகக் கொட்டும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. "கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்" என்று ஒரு முறை கொடுத்துவிட்டால் (கோட்பாத் என்பது மேற்கோளைக் குறிக்கிற கோட்டும் பாத்தும் சேர்ந்த ஒரே சொல்) பெயர் தமிழிலேயே தெரியும்.

எதையெல்லாம் ட்ராக் செய்யலாம் என்பதில் கொஞ்சம் கஞ்சத்தனமாக இருங்கள் என்பேன். "*.பிஎன்ஜி" என்று மொத்தமாகக் கொடுத்தால் 4 கேபி ஐகான்கள் நூற்றுக்கணக்கில் எல்எஃப்எஸ்ஸுக்குப் போகும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்க வேண்டியிருப்பதால் செக்அவுட் மெதுவாகும். சிஎஸ்வி, ஜேசன் போன்ற டெக்ஸ்ட் ஃபைல்களைப் போட்டால் டிஃப் பார்க்கும்போது தரவுக்குப் பதில் பாயின்டர் வரிகள்தான் மாறியதாகத் தெரியும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

இங்கே மூன்று நிலைகள் இருக்கின்றன, உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு அதை மட்டும் செய்யுங்கள்.

பெரிய ஃபைல் கடைசி கமிட்டில்தான் இருக்கிறது, புஷ் ஆகவில்லை என்றால் எளிது. ட்ராக் கொடுத்துவிட்டு, இண்டெக்ஸிலிருந்து (அடுத்த கமிட்டுக்கான பட்டியல்) எடுத்து மறுபடி சேர்த்து, அதே கமிட்டைத் திருத்துங்கள்:

கிட் எல்எஃப்எஸ் ட்ராக் "*.எம்பி4"
கிட் ஆர்எம் --கேஷ்ட் இன்ட்ரோ.எம்பி4
கிட் ஆட் .கிட்அட்ரிபியூட்ஸ் இன்ட்ரோ.எம்பி4
கிட் கமிட் --அமெண்ட்

நாலைந்து கமிட்டுக்கு முன்னால் நுழைந்துவிட்டது, ஆனால் இன்னும் புஷ் ஆகவில்லை. தொடக்கத்தில் சொன்ன எரரில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருப்பார்கள். அதற்கு:

கிட் எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட் --இன்க்ளூட்="*.எம்பி4"

எதையும் கூடுதலாகச் சொல்லாவிட்டால் இது இப்போதைய பிராஞ்சில், ரிமோட்டுக்கு (சர்வரில் உள்ள பிரதிக்கு) இன்னும் போகாத கமிட்டுகளை மட்டும் திருத்தி எழுதும். வேறு யாருக்கும் பாதிப்பில்லை. முடிந்ததும் வழக்கம்போல் புஷ். அதற்கு முன்னால் எந்த வகை ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க "கிட் எல்எஃப்எஸ் மைக்ரேட் இன்ஃபோ" கொடுக்கலாம், பல நேரம் நீங்கள் நினைத்த ஃபைலைவிட வேறொன்று பெரிதாக இருக்கும்.

மூன்றாவதுதான் தலைவலி: புஷ் ஆகிப் பல மாதங்கள் ஆகிவிட்டன, ரெப்போ வீங்கிவிட்டது. வரலாற்றையே மாற்றி எழுத வேண்டும். ஃபைல்களை எல்எஃப்எஸ்ஸுக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மேலே சொன்ன மைக்ரேட் கமாண்டோடு "--எவரிதிங்" சேர்க்க வேண்டும். ஃபைல்களே வேண்டாம், தொலையட்டும் என்றால் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற தனிக் கருவியை நிறுவி:

கிட் ஃபில்டர்-ரெப்போ --ஸ்ட்ரிப்-பிளாப்ஸ்-பிக்கர்-தேன் 50எம்

(அந்த எம் பெரிய எழுத்து.) இதைப் புதிதாகக் குளோன் செய்த பிரதியில்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே மறுத்துவிடும். முடிந்ததும் ஆரிஜின் ரிமோட்டை எடுத்துவிட்டிருக்கும், அதுவும் பாதுகாப்புக்காகத்தான், நீங்கள்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். பழைய கட்டுரைகளில் வருகிற ஃபில்டர்-பிராஞ்ச் கமாண்டைப் பயன்படுத்தாதீர்கள், கிட்டின் சொந்த ஆவணமே அதை வேண்டாமென்கிறது.

எந்த வழியாக இருந்தாலும் கடைசியில் ஃபோர்ஸ் புஷ்தான், அதாவது சர்வரில் உள்ள வரலாற்றின் மேல் கட்டாயமாக எழுதுவது. கமாண்டை ஓட்டுவதைவிட அதைச் சுற்றியுள்ள வேலைதான் பெரியது. முதலில் முழு ரெப்போவையும் "கிட் குளோன் --மிரர்" போட்டு ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். டீமில் எல்லோரிடமும் சொல்லி, கையில் இருப்பதை புஷ் செய்யச் சொல்லி, திறந்திருக்கிற புல் ரிக்வெஸ்ட்டுகளை முடித்துவிடுங்கள். மாற்றி முடித்த பிறகு எல்லோரும் பழைய ஃபோல்டரை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாகக் குளோன் செய்ய வேண்டும், "புல் கொடுத்தால் போதாதா" என்று ஒருவராவது கேட்பார், போதாது. பழைய பிரதியில் இருந்து யாராவது ஒருவர் மெர்ஜ் செய்து புஷ் கொடுத்தால் நீங்கள் துரத்திய அத்தனை ஃபைலும் வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். நீக்கியது பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ என்றால் வரலாற்றைச் சுத்தம் செய்தது போதாது, அந்தக் கீயையே மாற்றுங்கள்.

கூட வேலை செய்கிறவர்களுக்கு

"படம் ஓப்பன் ஆகவில்லை, கரப்ட் என்கிறது" என்று ஆர்ட்டிஸ்ட் சொன்னால் ஃபைலின் அளவைக் கேளுங்கள். 1 கேபி என்றால் அவரிடம் இருப்பது பாயின்டர். எல்எஃப்எஸ் இல்லாத மெஷினில் குளோன் செய்திருப்பார். "கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்", பிறகு "கிட் எல்எஃப்எஸ் புல்", சரியாகிவிடும்.

நெட் மெதுவாக இருக்கிறவர், கோட் மட்டும் வேண்டுகிறவர், கிட் பாஷில் இப்படிக் குளோன் செய்யலாம்:

கிட்_எல்எஃப்எஸ்_ஸ்கிப்_ஸ்மட்ஜ்=1 கிட் குளோன் முகவரி

(அடிக்கோடு போட்ட பகுதி முழுக்கப் பெரிய எழுத்தில்.) எல்லாம் பாயின்டராகவே வரும். அப்புறம் வேண்டியதை மட்டும் "கிட் எல்எஃப்எஸ் புல் --இன்க்ளூட்="சவுண்ட்/**"" என்று இறக்கிக்கொள்ளலாம். எல்எஃப்எஸ் போடாத, ஆனால் வரலாறு பெருத்த வேறொருவருடைய ரெப்போ என்றால் "கிட் குளோன் --ஃபில்டர்=பிளாப்:நன்" உதவும், பழைய பதிப்புகளின் உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போதுதான் இறக்கும்.

பிஎஸ்டியை இரண்டு பேர் ஒரே நாளில் திருத்தினால் மெர்ஜ் என்ற பேச்சே இல்லை, ஒருவருடைய வேலை போய்விடும். அதற்கு லாக் இருக்கிறது. ட்ராக் கமாண்டின் கடைசியில் "--லாக்கபிள்" சேர்த்தால் அந்த வகை ஃபைல்கள் எல்லோரிடமும் ரீட்-ஒன்லியாக இருக்கும், திருத்தப் போகிறவர் "கிட் எல்எஃப்எஸ் லாக் ஆர்ட்/ஹீரோ.பிஎஸ்டி" கொடுத்துவிட்டுத் திருத்தி, புஷ் செய்த பிறகு "அன்லாக்" கொடுக்க வேண்டும். லாக்கைப் போட்டுவிட்டு லீவில் போகிறவர்கள் உண்டு, அவர்களுக்காக "--ஃபோர்ஸ்" இருக்கிறது.

காசு, இடம்

எல்எஃப்எஸ்ஸில் சேமிக்கும் இடம், இறக்கும் பேண்ட்விட்த் இரண்டுக்கும் கிட்ஹப் வரம்பு வைத்திருக்கிறது, இலவச அளவைத் தாண்டினால் கட்டணம். எவ்வளவு இலவசம் என்பது மாறக்கூடியது, உங்கள் கணக்கின் பில்லிங் பக்கத்தில் பாருங்கள். இறக்குவது யாராக இருந்தாலும் கணக்கு ரெப்போவின் சொந்தக்காரர் தலையில்தான். பேண்ட்விட்த்தைச் சத்தமில்லாமல் தின்பது சிஐ, அதாவது ஒவ்வொரு புஷ்ஷுக்கும் தானாக ஓடும் பில்டும் டெஸ்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் வழக்கமாக எல்எஃப்எஸ் ஃபைல்களை இறக்காது. டெஸ்டுக்கு வேண்டுமே என்று அதை ஆன் செய்துவிட்டு கேஷ் போடாமல் விட்டால் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் மொத்தத்தையும் இறக்கும்.

இன்னொரு எரிச்சல், கிட்ஹப்பில் ஒரு முறை ஏறிய எல்எஃப்எஸ் ஃபைலை நீங்களாக நீக்கி இடத்தைத் திரும்பப் பெற வேண்டுமென்றால், அதற்கு அவர்கள் ஆவணம் சொல்லும் வழி ரெப்போவையே அழித்துத் திரும்ப உருவாக்குவது. சோதித்துப் பார்க்கிறேன் என்று 1 ஜிபி ஃபைலை எல்லாம் ஏற்றாதீர்கள். கிட்ஹப் பேஜஸில் எல்எஃப்எஸ் வேலை செய்யாது என்பதும் தெரிந்திருக்கட்டும், அங்கே வைக்கிற படங்கள் சாதாரண ஃபைலாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் டிஸ்க்கில் ஒவ்வொரு எல்எஃப்எஸ் ஃபைலும் இரண்டு இடத்தில் இருக்கும், வேலை செய்கிற ஃபோல்டரில் ஒன்று, டாட்-கிட்டுக்குள் ஒன்று. இடம் போதவில்லையென்றால் "கிட் எல்எஃப்எஸ் ப்ரூன்" கொடுங்கள், இப்போது தேவைப்படாத, சர்வருக்கு ஏற்கெனவே போய்விட்ட பழைய பிரதிகளை மட்டும் எடுக்கும்.

மெஷின் லேர்னிங் ஆட்கள், டேட்டா பத்துப் பதினைந்து ஜிபி என்று போகும்போது டிவிசி என்கிற டேட்டா பதிப்புக் கருவியின் பக்கம் பாருங்கள், அது ஃபைல்களை நீங்கள் சொல்கிற ஸ்டோரேஜில் வைக்கும், எல்எஃப்எஸ் சர்வரின் தேவையே இல்லை.

கடைசியாக ஒரு காவல். ப்ரீ-கமிட் என்ற கருவியை ரெப்போவில் போட்டால் அதில் "செக்-ஆடட்-லார்ஜ்-ஃபைல்ஸ்" என்று ஒரு ஹுக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை) கிடைக்கும். புதிதாக ஆட் செய்த ஃபைல் 500 கேபியைத் தாண்டினால் கமிட்டையே நிறுத்திவிடும், அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம், எல்எஃப்எஸ்ஸில் இருக்கிற ஃபைல்களைத் தொந்தரவு செய்யாது. டீமில் ஒவ்வொருவரும் தம் மெஷினில் "ப்ரீ-கமிட் இன்ஸ்டால்" கொடுத்தால்தான் அது ஓடும் என்பதால், ரீட்மீயில் குளோன் கமாண்டுக்கு அடுத்த வரியாகவே இதையும் "கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்"-ஐயும் எழுதிவிடுங்கள்.